பதிலுக்கு இடம் விடும் வீடியோ: மறதி நோய் வந்த வீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் மாமியாருக்கு நாங்கள் முதன்முதலாகப் போட்டுக் காட்டிய வீடியோ எங்கள் கல்யாண கேசட். 1991-இல் எடுத்தது, இரண்டரை மணி நேரம் ஓடும். கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து பென்டிரைவில் ஏற்றி வாங்கிவந்து, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் டிவியில் போட்டோம். பழைய முகங்களைப் பார்த்தால் அத்தைக்கு ஞாபகம் திரும்பும் என்று ஒரு நினைப்பு. பத்தாவது நிமிடத்தில் பந்தல் வாசலில் என் மாமனார் வந்து நின்றார். அவர் இறந்து அப்போதே பல வருஷம் ஆகியிருந்தது. அத்தை சட்டென்று எழுந்து, "உங்க மாமா வந்துட்டார், இன்னும் எலை போடலையா?" என்று அடுப்படிக்குப் போனார். திரும்பி வந்து பீரோவைத் திறந்து பட்டுப்புடவையை எடுத்தார். ராத்திரி இரண்டு மணி வரை திண்ணைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். கேட்டைப் பூட்டிவிட்டு நானும் கூடவே நடந்தேன்.

வீடியோ மேல் தப்பில்லை. எங்கள் தேர்வும், போட்ட நேரமும், அவர் பக்கத்தில் உட்காராமல் நாங்கள் பாட்டுக்குப் படம் பார்த்ததும்தான் தப்பு. அதற்கப்புறம் ஆறு வருஷமாக, மயிலாடுதுறை மாவட்டத்தில் குத்தாலத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டிலும் இதே நிலையில் இருக்கும் சில உறவினர் வீடுகளிலும் செய்துபார்த்துப் பழகியதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, வீடியோகிராபரும் இல்லை. கையில் இருப்பது சாதாரண ஆண்ட்ராய்டு போன்.

முதல் படி: கேமராவைத் தொடும் முன்

மறதி எல்லாம் ஒரே மறதி இல்லை. பி12 சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு எனச் சரிசெய்யக்கூடிய காரணங்களாலும் மறதி வரும். முதலில் நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் காட்டி என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் டிமென்ஷியா என்ற இந்த மறதி நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. சுமார் 88 லட்சம் பேர். ஆனாலும் எங்கள் பக்கத்தில் "வயசானா அப்படித்தான்" என்றே பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து கண்ணும் காதும். அத்தை டிவியைக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்ததை நோய் முற்றிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வலது கண்ணில் கண்புரை, காதில் கட்டியான அழுக்கு. இரண்டையும் சரிசெய்த பிறகு அதே டிவியில் அதே பாட்டுக்குக் கை தாளம் போட்டது.

மூன்றாவது, ஒரு நாற்பது பக்க நோட்டு. இரண்டு வாரம் எழுதுங்கள்: எத்தனை மணிக்குத் தெளிவாக இருக்கிறார், எப்போது படபடப்பு, எந்தப் பேச்சுக்கு முகம் மலர்ந்தது, எதற்குக் கோபம். எங்கள் நோட்டில் திரும்பத் திரும்ப வந்தது சாயங்காலம் நாலரையிலிருந்து ஏழு மணி. வெளிச்சம் மங்கும்போது இந்த நோய் உள்ள பலருக்கும் குழப்பம் கூடும். "வீட்டுக்குப் போகணும்" என்று வீட்டிலேயே உட்கார்ந்து கேட்பார்கள். ஆகவே எங்கள் வீடியோ நேரம் நாலு மணி, படபடப்பு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு.

இரண்டாம் படி: எதைப் படம் எடுப்பது

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. மனிதர்களுக்கு ஏறக்குறைய பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவைதான் மற்ற வயதை விட ஆழமாகப் பதிகின்றன என்று நினைவாற்றலை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். டிமென்ஷியாவில் நேற்றைய சாப்பாடு முதலில் போகும், இளம்வயது கடைசியில் போகும். அத்தைக்கு இப்போது 82. பிறந்தது 1943 வாக்கில். அப்படியானால் நாங்கள் தேட வேண்டியது 1953 முதல் 1973 வரை. எங்கள் கல்யாணம் அதில் வரவே வராது. கேசட் ஏன் குழப்பியது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, 1960-இன் வீடியோவுக்கு எங்கே போவது? போக வேண்டாம். அன்றும் இன்றும் மாறாமல் இருப்பதைப் போய் எடுங்கள். நம் காவிரி டெல்டாவில் அதற்குப் பஞ்சமே இல்லை. கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவர் என்றால் மகாமகக் குளத்தின் படிகள். 1956, 1968 மகாமகங்கள் அத்தையின் கணக்குக்குள் வருகின்றன. திருவாரூர்க்காரர் என்றால் ஆழித்தேர். வெகுகாலம் ஓடாமல் நின்ற அந்தத் தேர் 1970-இல் மறுபடி ஓடியபோது இருபது வயதில் இருந்தவருக்கு அந்த வடமும் கூட்டமும் உடம்பில் இருக்கும். நாகூர்க்காரருக்கு தர்காவின் மினாராக்கள், வேளாங்கண்ணிக்காரருக்கு மாதா கோயில் மணி. மயிலாடுதுறையை அவர்கள் மாயவரம் என்றே சொல்வார்கள். வீடியோவில் பேசும்போது நீங்களும் மாயவரம் என்றே சொல்லுங்கள்.

ஆண்களுக்குப் பெரும்பாலும் நிலம். ஆடுதுறை 27 என்ற ரகத்தை எங்கள் பக்கத்தில் ரேடியோ நெல் என்பார்கள். 1960-களில் திருச்சி வானொலி சொல்லிப் பரவியதால் அந்தப் பெயர். என் சித்தப்பா மாமனார் பேச்சையே விட்டிருந்தார். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வாசல் பலகையை எடுத்து வந்து, ரேடியோ நெல் என்று ஒரு வார்த்தை சொல்லிக் காட்டினேன். கலத்துக்கு எத்தனை மரக்கால் என்று என்னையே கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னார், பன்னிரண்டு.

எங்கள் வீட்டில் மிக அதிகம் ஓடியது தண்ணீர் வரும் வீடியோ. மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான தேதி ஜூன் 12. எல்லா வருஷமும் அந்தத் தேதியில் திறப்பதில்லை. கல்லணை வந்து, பிரிந்து, எங்கள் வாய்க்காலுக்கு வர மேலும் பல நாள். காய்ந்த மணலில் நுரையும் சருகுமாகத் தண்ணீர் ஊர்ந்து வருவதை, முன்னால் நின்று, நகராமல், நாலு நிமிடம் எடுத்தேன். அதில் பேச்சே இல்லை. அத்தை அதைப் பார்த்து முதலில் சொன்னது: "வந்துட்டுதா? நாத்தங்காலுக்குத் திருப்பச் சொல்லு." அன்றைக்கு அவர் பேசிய முழு வாக்கியம் அது ஒன்றுதான்.

கையால் செய்த வேலைகளையும் எடுங்கள். பூக்கட்டுவது, நாற்று முடி போடுவது, புளி ஆய்வது, ஆடிப்பெருக்குக்குக் காப்பரிசி கலப்பது, பிள்ளைகள் சப்பரம் இழுப்பது. முகம் வேண்டியதில்லை, கையை மட்டும் கிட்டத்தில் எடுங்கள். பார்ப்பவரின் கை தானாக அசையும். அப்போது ஒரு முழம் பூவும் நாரும் மடியில் வைத்தால் இன்னும் நல்லது.

மூன்றாம் படி: எடுக்கும் முறை

போனைக் குறுக்கே பிடியுங்கள், டிவி அப்படித்தான் இருக்கிறது. வெளிச்சம் பேசுபவர் முகத்தில் விழ வேண்டும், முதுகில் அல்ல. முற்றம் உள்ள வீடு என்றால் முற்றத்தைப் பார்த்து உட்கார வையுங்கள், அதைவிட நல்ல விளக்கு கிடையாது. மின்விசிறியை நிறுத்துங்கள், காற்றுச் சத்தத்தில் பேச்சு கரையும். ஸ்டாண்டு இல்லையென்றால் அரிசி டப்பாமேல் சாய்த்து வையுங்கள். கேமராவை இப்படியும் அப்படியும் சுற்றாதீர்கள், பெரிதாக்கிச் சிறிதாக்கி விளையாடாதீர்கள். அவர்களுக்குத் தலை சுற்றும். பின்னணி இசை வேண்டவே வேண்டாம். ஒரு வீடியோவில் ஒரே விஷயம், இரண்டு முதல் ஐந்து நிமிடம்.

போன் கேமரா அமைப்பில் 1080 போதும், 4கே தேவையில்லை. இன்னொன்று: பல போன்கள் இடம் மிச்சப்படுத்த ஹெச்.265 என்ற முறையில் பதிவுசெய்யும். பழைய டிவிகள் அதைத் திறக்காமல் கறுப்புத் திரை காட்டும். அமைப்புக்குள் போய் அதை அணைத்துவிட்டு ஹெச்.264-இல் எடுத்தால் எம்பி4 கோப்பு ஏறக்குறைய எல்லா டிவியிலும் ஓடும். இது தெரியாமல் நான் ஒரு மாதம் பென்டிரைவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான்காம் படி: பேசும் வீடியோ, அதில் விட வேண்டிய இடைவெளி

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

1990-களில் அமெரிக்காவின் யூட்டாவில் சில ஆய்வாளர்கள், டிமென்ஷியா உள்ளவர்களுக்கென்றே வீடியோ கேசட்டுகள் செய்தார்கள். ஒருவர் கேமராவைப் பார்த்து உட்கார்ந்து, எதிரே ஆள் இருப்பது போலவே எளிய விஷயம் பேசுவார், கேட்பார், நிறுத்துவார், பதில் வந்தது போலத் தலையாட்டிவிட்டுத் தொடர்வார். பார்ப்பவர் உண்மையாகவே பதில் சொல்வார். அந்த நேரத்தில் பார்த்துக்கொள்பவருக்கு மூச்சு விடக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். இந்த உத்திக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், வாயை மூடத் தெரிந்தால் போதும். ஆனால் அதுதான் கஷ்டம். சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார் அனுப்பிய முதல் வீடியோவில் ஏழு நிமிடத்துக்கு மூச்சு விடாமல் பேசியிருந்தார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாவது தடவை நான் எழுதி அனுப்பியது கிட்டத்தட்ட இப்படி:

"அம்மா, நான் உன் மக பேசுறேன்." மனசுக்குள் ஆறு வரை எண்ணவும்.
"பாரு, மல்லி வாங்கிட்டு வந்தேன்." பூவைக் கேமராவுக்குக் கிட்டே காட்டி, ஆறு வரை எண்ணவும்.
"நெருக்கமா கட்டவா, எட்டக்க எட்டக்கக் கட்டவா?" இங்கே பத்து வரை.
"ம்ம், சரிம்மா." கட்டத் தொடங்கவும். அரை நிமிடம் பேச்சே வேண்டாம்.
"உன் கைக்குத்தான் இது நல்லா வரும்." ஆறு வரை. சிரிக்கவும்.

"நெருக்கமாடி!" என்று அத்தை டிவியைப் பார்த்து அதட்டினார்.

கவனித்தீர்களா, இதில் "ஞாபகம் இருக்கா?" என்ற கேள்வி கிடையாது. "நான் யாரு சொல்லு பார்ப்போம்" என்பதும் கிடையாது. அவை பரீட்சை. தோற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். மறதி வந்தாலும் அவமானம் தெரியும். முதல் வாக்கியத்திலேயே நாம் யார் என்று சொல்லிவிட வேண்டும். கேள்வி கேட்டால் அபிப்பிராயம் கேளுங்கள்: காரம் தூக்கலா குறைவா, பச்சையா மஞ்சளா. அபிப்பிராயத்தில் தப்பான பதில் கிடையாது.

பேத்தி, பேரன், பழைய பக்கத்து வீட்டுக்காரர், கோயில் குருக்கள் என்று ஆளுக்கு ஒன்று எடுத்து வையுங்கள். குரல் பழகியதாக இருக்க வேண்டும். மெதுவாக, தாழ்ந்த குரலில். பேச்சு வழக்கு அவருடையதாகவே இருக்கட்டும். சென்னையில் வளர்ந்த பேரன் மேடைத் தமிழில் பேசினால் அத்தை அவனை ஏதோ ஆபீசர் என்று நினைத்துக் கொண்டார்.

ஐந்தாம் படி: வேலைக்கு வழிகாட்டும் வீடியோ

இது நோயின் ஆரம்பக் கட்டத்தில் உள்ளவர்களுக்கு. பல் துலக்குவது, வாசலில் கோலம் போடுவது, வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிச் சுண்ணாம்பு தடவுவது மாதிரி, அவர் நாளும் செய்து இப்போது பாதியில் நின்றுபோகும் வேலைகள். எதிரில் நின்று எடுக்காதீர்கள், வலம் இடம் மாறித் தெரியும். செய்பவரின் தோளுக்குப் பின்னால் நின்று, அவர் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படி எடுங்கள். ஒரு செயல், ஒரு வாக்கியம், ஓர் இடைவெளி. "பிரஷ்ஷ எடுங்க." காட்சி நிற்கட்டும். "பேஸ்ட் வைங்க." காட்சி நிற்கட்டும். சாமான்களும் அவருடைய சாமான்களாகவே இருக்க வேண்டும். அத்தையின் சிவப்பு வாளிக்குப் பதில் நான் நீல வாளியைக் காட்டியபோது அவர் நீல வாளியைத் தேடிக்கொண்டு நின்றார்.

மாத்திரைக்கும் அடுப்புக்கும் மட்டும் வீடியோவை நம்பாதீர்கள். ஆள் இருந்து கையில் கொடுக்க வேண்டும்.

ஆறாம் படி: டிவிக்கு ஏற்றுதல்

யூடியூபில் நேரடியாகப் போடுவதை நான் விட்டுவிட்டேன். நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு விளம்பரம் கத்தும், முடிந்ததும் அடுத்து என்ன வரும் என்று சொல்ல முடியாது. ஒருநாள் பேய்க்கதை வந்தது. எடுத்ததைப் பென்டிரைவில் போட்டு டிவியின் பின்னால் செருகிவிடுவதே நிம்மதி. பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. நம் ஐந்து நிமிட வீடியோக்களுக்கு அது பிரச்சினையே இல்லை, கல்யாண கேசட்டைத்தான் துண்டு போட வேண்டியிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வாட்ஸாப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கி, டிவியில் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள். கோப்புக்கு எண்ணும் பெயரும் தமிழில் வையுங்கள்: "01 தண்ணீர்", "02 மகள் பூ". வேலைக்கு வரும் பெண்ணும் ரிமோட்டில் தேடி எடுக்க வேண்டும் இல்லையா. சில டிவிகள் தமிழ்ப் பெயரைக் கட்டம் கட்டமாகக் காட்டும்; அப்படியானால் எண் மட்டும் போதும், பட்டியலை ஒரு அட்டையில் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போகும். ஒரு டேப்லெட்டிலோ பழைய போனிலோ அதே வீடியோக்களை இறக்கி, சார்ஜ் போட்டு வைத்திருங்கள். அன்றாட வழக்கம் ஒருநாள் தவறினால் அதைச் சரிக்கட்ட நமக்கு இரண்டு நாள் ஆகும்.

ஏழாம் படி: காட்டும் விதம்

பக்கத்தில் உட்காருங்கள், எதிரில் வேண்டாம். அவர் திரையைப் பார்க்கட்டும், நீங்கள் அவர் முகத்தைப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் திரையில் பளபளக்காமல் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். ஒரே வீடியோவை மூன்று தடவை போடலாம்; சலிப்பு நமக்குத்தான். பத்து, பதினைந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் சும்மா அணைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். காபி கொடுங்கள், தண்ணீர் வீடியோ பார்த்த கையோடு வாய்க்கால் வரை நடத்திக் கூட்டிப் போங்கள். வீடியோவால் தொடங்கிய பேச்சு வீடியோவுக்கு வெளியே நடக்க வேண்டும்.

முந்தானையைத் திருகுவது, எழுந்து எழுந்து உட்காருவது, ஒரே கேள்வியைக் குரல் உயர்த்திக் கேட்பது, கண் கலங்குவது: இதில் ஒன்று தெரிந்தாலும் நிறுத்திவிடுங்கள். "அது இறந்துபோனவர் அத்தை, இது வெறும் வீடியோ" என்று விளக்கம் சொல்லி ஜெயிக்க முடியாது. நான் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது அந்த நிமிடம் வந்த சாவுச் செய்தி. அப்புறம் கற்றுக்கொண்டது: "மாமாவைத் தேடுதா? மாமாவுக்கு என்ன சமைப்பீங்க?" என்று அவர் பக்கமே போவது. அரை மணி நேரம் கத்திரிக்காய்க் கொத்சு பற்றிப் பேசினோம்.

சாப்பாட்டு நேரத்தில் டிவியே வேண்டாம். விழுங்குவதில் கவனம் சிதறினால் புரையேறும்.

காட்டக் கூடாதவை

இறந்தவர்கள் வரும் வீடியோ, நோட்டில் எழுதிப் பார்த்து நிச்சயம் ஆகும் வரை வேண்டாம். சிலருக்கு அது ஆறுதல், சிலருக்கு அதுவே ராத்திரி முழுக்கத் தேடல். உங்கள் வீட்டில் எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

செய்திச் சேனலைத் தவிருங்கள். இந்த நோயில் திரைக்குள் நடப்பது கூடத்துக்குள் நடப்பதாகவே தோன்றும். செய்தி வாசிப்பவருக்கு அத்தை காபி கலந்து வைத்ததுண்டு; அது சிரிக்கக்கூடியது. வெள்ளக் காட்சி சிரிக்கக்கூடியதில்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரத்தில் 2004 சுனாமியையும் 2018 கஜா புயலையும் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் ஒரு வினாடி வந்தாலே போதும். சண்டையும் அழுகையுமான சீரியல்களும் அப்படியே. அணைத்த டிவியின் கறுப்புக் கண்ணாடியில் தன் உருவம் தெரிந்தே பயப்படுவார்கள் சிலர். ஒரு பழைய துண்டைப் போட்டு மூடுங்கள்.

இறந்தவர் புகைப்படத்தைப் பேசவைக்கும் செயலிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. என் மகன் ஒருநாள் தாத்தாவின் படத்தைச் சிரிக்கவைத்துக் காட்டினான். நான் அழித்துவிடச் சொன்னேன். இல்லாதவர் இருக்கிறார் என்று ஏற்கனவே நம்பும் ஒருவரிடம் அதை நாமே செய்து காட்டுவது எனக்கு ஏமாற்று வேலையாகப் படுகிறது. மற்றவர்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

எட்டாம் படி: வீடியோ கால்

மேலே சொன்ன எல்லாமே இதற்கும் பொருந்தும்: பெயரை முதலில் சொல்வது, இடைவெளி, பரீட்சை வைக்காமல் இருப்பது. கூடுதலாக இரண்டு. போனைக் கையில் பிடிக்காமல் கண் உயரத்தில் சாய்த்து வையுங்கள். மூலையில் சின்னதாகத் தெரியும் நம் சொந்தப் படத்தை மறைத்துவிடுங்கள், முடியாவிட்டால் அந்த மூலையில் ஒரு துண்டு காகிதம் ஒட்டுங்கள். "அந்தக் கிழவி யாரு, ஏன் நம்மளையே பார்க்குறா?" என்று அத்தை கேட்டு இரண்டு கால் வீணானது.

ஒரே நேரத்தில் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் எட்டுக் கட்டத்தில் கையாட்டும் குடும்பக் கால் நமக்கான சந்தோஷம்.

ஒன்பதாம் படி: பார்த்துக்கொள்பவருக்கான வீடியோக்கள்

இதுவரை சொன்னது நோயாளிக்கு. ஆனால் வீட்டில் இன்னொருவரும் இருக்கிறார், பெரும்பாலும் மருமகளோ மகளோ மனைவியோ. அவருக்கும் வீடியோ உதவும் என்பதை நான் மூன்று வருஷம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

முதலாவது, கைமாற்று வீடியோ. என் இடுப்புப் பிடித்துக்கொண்டபோது பத்து நாளைக்கு ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தோம். அத்தையை எப்படி எழுப்புவது, எந்தப் பக்கம் நின்றால் பயப்பட மாட்டார், குளிக்க மாட்டேன் என்றால் என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் என் தலைக்குள் மட்டுமே இருந்தது. எழுதிக் கொடுத்த காகிதம் பயன்படவில்லை. ஆகவே பன்னிரண்டு சின்ன வீடியோக்கள் எடுத்தோம். குளிப்பாட்டுவது, புடவை மாற்றுவது ஆகியவற்றை அத்தையை வைத்து எடுக்கவில்லை. நான் அத்தையாக நாற்காலியில் முழு உடையோடு உட்கார்ந்தேன், என் கணவர் செய்து காட்டினார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். சாப்பாடு ஊட்டும் வீடியோவில் இவை தெரிய வேண்டும்: முதுகு நேராக, தாடை கொஞ்சம் கீழே, சின்னக் கரண்டி, ஒரு வாய் விழுங்கிய பின் அடுத்தது, முடிந்ததும் அரை மணி நேரம் படுக்கவிடாமல் உட்கார வைப்பது. இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வந்தால் அவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் தூக்கி நிறுத்தும் முறையைப் பதிவுசெய்யுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சை உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

இரண்டாவது, மருத்துவருக்கான வீடியோ. ஆஸ்பத்திரியில் பத்து நிமிடம் அத்தை மகாராணி மாதிரி உட்கார்ந்து பதில் சொல்வார். வீட்டில் ராத்திரி நடப்பதை நான் சொன்னால் மிகைப்படுத்துவதாகத் தோன்றும். ஒரு நிமிட வீடியோ அதைத் தீர்த்தது. நடை, கை நடுக்கம், தூக்கத்தில் கையை வீசிக் கத்துவது, இல்லாத ஆளோடு பேசுவது ஆகியவற்றை ஒன்று இரண்டு நிமிடம் எடுத்து, தேதி, நேரம், அதற்கு முன் என்ன சாப்பிட்டார் என்று சேர்த்து எழுதி வையுங்கள். இல்லாத ஆள் தெரிவதும் தூக்கத்தில் கைகால் வீசுவதும் எந்த வகை டிமென்ஷியா என்று மருத்துவர் பிரித்தறிய உதவும் தகவல்கள். ஆனால் ஒரே நாளில், இரண்டு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் வீடியோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், விழுந்ததில் அடி என்று எதுவாகவும் இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும்.

மூன்றாவது, முறை வைத்துப் பேசுவது. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே நாலு மணி என்றால் சிங்கப்பூரில் ஆறரை, துபாயில் இரண்டரை. வாரத்தில் இரண்டு நாள் நாத்தனார், ஒரு நாள் துபாயில் இருக்கும் கொழுந்தனார், அரை மணி நேரம் அத்தையோடு திரையில். அந்த நேரத்தில் நான் குளிப்பேன், அல்லது கொல்லையில் சும்மா உட்காருவேன். ஆள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஆனால் கவனம் அவர்களுடையது. பணம் அனுப்புகிறோமே என்பவர்களிடம் இந்த அரை மணியைக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். நான் கேட்க இரண்டு வருஷம் ஆயிற்று.

வீட்டைவிட்டு நகர முடியாதபோது மனசு அடைத்தால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, முதியோர் உதவி எண் 14567. இரண்டும் கட்டணமில்லாதவை, தமிழில் பேசலாம். பார்த்துக்கொள்பவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் ஐசப்போர்ட் என்ற இணையப் பயிற்சியையும் வைத்திருக்கிறது.

அனுமதியும் மானமும்

ஆரம்பக் கட்டத்தில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்: எடுக்கலாமா, யாருக்குக் காட்டலாம், எது வேண்டாம். பதிலையும் ஒரு வீடியோவாகவே எடுத்து வையுங்கள். நோய் முற்றிய பிறகு, போனைத் தூக்கும்போது முகத்தைத் திருப்பினால் அதுவே பதில். ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பாட்டி பேசும் வேடிக்கை என்று ரீல்ஸ் போடும் பிள்ளைகளை நான் சத்தம் போட்டுத்தான் நிறுத்தினேன். மருத்துவருக்கு எடுத்தவற்றைக் காட்டி முடித்ததும் அழித்துவிடுங்கள். வீட்டில் சிசிடிவி வைத்தால் வாசல், கூடம் வரை போதும். குளியலறைப் பக்கம் திரும்பவே கூடாது. வேலைக்கு வரும் பெண்ணிடமும் கேமரா இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

நாள் ஆக ஆக

நாற்பது வீடியோ வரை சேர்த்தோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோட்டைப் பார்த்துக் குறைத்துக்கொண்டே வருகிறோம். முதலில் வழிகாட்டும் வீடியோக்கள் பயனற்றுப் போயின, அப்புறம் கேள்வி கேட்பவை, அப்புறம் பேசுபவை. இப்போது அத்தை அநேகமாகப் பேசுவதில்லை. பென்டிரைவில் மிச்சம் மூன்று: பூக்கட்டும் கை, நாதஸ்வரத்தில் ஒரு மல்லாரி, தண்ணீர். நாலு மணிக்குத் தண்ணீரைப் போடுவேன். போன வாரமும் போட்டேன். அத்தை திரையைப் பார்க்கவில்லை, ஆனால் சத்தம் வந்ததும் நாற்காலிக்குக் கீழே இரண்டு காலையும் மெதுவாகத் தூக்கிக்கொண்டார், நனைந்துவிடும் என்பது போல.